பகலில் படுக்கிற மருமகன்

காலிதீன் அரிசி ஆலையிலிருந்து வந்து பாயை விரித்ததுதான் தாமதம், மாமி கமீலா அயன் பண்ணிய சட்டையோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

“வெளிக்கிடுங்க மருமகன். விடிஞ்சிட்டு.”

“மாமி, நான் இப்பதானே வேலையால வந்த.”

“அது ராவு வேல. இது பகல் வேல.”

இந்தப் பகல் வேலைக்குச் சம்பளம் கிடையாது. அயன் சட்டையைப் போட்டு, சோற்றுப் பார்சலைக் கையில் பிடித்து, முன் கேற்றால் இறங்கி, தெரு முழுக்கப் பார்க்கும்படி மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டும். அவ்வளவுதான். பின்னேரமானதும் களைத்துப்போன ஆளைப் போலத் திரும்பி வரவேண்டும். அதில் நடிப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் உண்மையிலேயே செத்துப்போய்த்தான் வருவான்.

கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். வீடும் வளவும் பெண் பெயரில். அந்த வீட்டுக்குள் ஓர் ஆம்பிளை பகலில் படுத்துக் கிடந்தால் அவன் இராவெல்லாம் நெல் அவித்தானா, சந்திரனைச் சுமந்தானா என்று தெரு கேட்காது. மாமியார் வீட்டுச் சோற்றுக்குக் காவலிருக்கிறான் என்றுதான் கதைக்கும். போதாக்குறைக்கு இளையவள் நப்லாவுக்குக் கலியாணம் பேசி வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரிப்பது மூத்த மருமகனைத்தான். கமீலா முந்திக்கொண்டு, அவர் மில் ஒபிசில் கிளாக்கர் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு கிளாக்கர் காலையில் வேலைக்குப் போகாமல் இருக்கலாமா?

காலிதீன் கடற்கரையில் தோணி நிழலில் படுத்துப் பார்த்தான். நல்ல நித்திரையில் இருந்தபோது மீன்காரர்கள் தோணியைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். முகத்தில் வெயில் விழ எழும்பினான். பிறகு பள்ளிவாசலில் தூணோடு சாய்ந்து கண்ணை மூடினான். தினமும் காலையிலேயே வந்து இப்படித் திக்ரில், இறை தியானத்தில், உட்காரும் வாலிபரை நாங்கள் கண்டதேயில்லை என்று வியந்து, அவனை நிர்வாகசபையில் போடப் பேசினார்கள். ஒரு வளவுச் சண்டைக்குத் தீர்ப்புக் கேட்டும் ஆள் வந்தது. அந்த இடமும் போயிற்று.

உடம்பு கணக்கை வேறு பக்கத்தால் காட்டியது. நெஞ்செரிவு, தலைச்சுற்று, பிரசர். கொதிகலனடியில் நின்றபடியே கண்ணயர்ந்ததில், நீராவிக் குழாய் முழங்கையில் தோலை உரித்துவிட்டது. வைத்தியர் காயத்துக்கு மருந்து போட்டு, பிரசருக்குக் குளிசையும் எழுதிவிட்டு, எவ்வளவு நேரம் நித்திரை கொள்கிறாய் என்று கேட்டார். மாமி விடுகிற நேரம் என்றான் காலிதீன். குளிசை பாதி வேலைதான் செய்யும், மற்றப் பாதியை நித்திரைதான் செய்யவேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் கொதிகலனுக்குள்ளேயே விழுவாய் என்றார் அவர். அதைக் காலிதீன் வீட்டில் வந்து சொன்னான்.

“குளிசையப் போடுங்க. மத்தப் பாதிய நப்லாட கலியாணத்துக்குப் பொறகு பாப்பம்” என்றாள் கமீலா.

அவன் மனைவி றுஸ்தா உம்மாவைப் பார்த்தாள், புருஷனின் கையைப் பார்த்தாள். தங்கச்சியின் காரியம் என்பதால் வாயை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அன்று காலிதீனுக்கு நடை இல்லை. அதற்குப் பதிலாகக் கதிரை தூக்கும் வேலை, இறைச்சி வாங்கும் வேலை. சாப்பாட்டு நேரம் மாப்பிள்ளையின் வாப்பா முகம்மது தம்பியோடு அவனை ஒரே சஹனில் இருத்தினார்கள். சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் கைபோடுவதுதான் சஹன். நல்ல துண்டை விருந்தாளியின் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. காலிதீன் ஒரு கோழிக்காலை எடுத்துத் தள்ளினான். பாதி வழியில் கை நின்றது. தலை மெல்ல இறங்கியது. நெற்றி சோற்றில் போய் அமர, குறட்டை கிளம்பியது.

யாரோ தோளைத் தொட்டதும் விழித்தான். புருவத்தில் சோறு.

“தம்பிக்குச் சுகமில்லையா?” என்று கேட்டார் முகம்மது தம்பி.

திரைக்குப் பின்னாலிருந்து கமீலா, ஒபிசில் கணக்கு முடிக்கிற மாதம் என்று என்னவோ இழுத்தாள். அதற்குள் றுஸ்தா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

“கணக்குமில்ல, ஒபிசுமில்ல. என்ட மனிசன் ராவெல்லாம் நெல்லு அவிச்சிட்டு வந்தவர். இந்த வீட்ட பகல்ல கண்ண மூட ஏலா.”

கலியாணம் குழம்பியது என்றே கமீலா நினைத்தாள். ஆனால் முகம்மது தம்பி சிரித்தார்.

“இதுக்கா மறைச்ச? எங்கட மகன் மிஹ்லாரும் கட்டார் நாட்டுல ராவு டியூட்டிதானே, செக்கியூரிட்டி. பகல் முழுக்கப் படுக்கதான். நாங்க போனும் பண்ணமாட்டம், பாவம்.”

“அது கட்டார்தானே” என்றாள் கமீலா. குரலில் உயிரும் பெருமையும் சேர்ந்தே திரும்பின.

“பகல் நித்திரைக்குப் பழகின புள்ள. லீவில வந்தா சத்தமில்லாத அறையொண்டு வேணும். ஏசியும் போட்டா நல்லம்” என்றார் முகம்மது தம்பி.

“ஓம், ஓம். பின்னறை இரிக்கி. தெருச் சத்தம் ஒண்டும் கேக்கா. மூத்த மருமகன்ட அறைதான், அவருக்கென்ன, பகல்ல தேவப்படுறல்லயே.”

காலிதீன் எழுந்தான். கையைக் கழுவினான், நெற்றியைக் கழுவினான். பின்னறைக்குப் போய்ப் பாயையும் தலையணையையும் எடுத்துவந்து, முன் விறாந்தையில், கேற்றைப் பார்த்தபடி விரித்தான். எதிர்வீட்டு மதிலுக்கு மேலால் இரண்டு தலைகள் எழும்பின. கமீலா ஓடி வந்தாள்.

“மருமகன், தெருவே பாக்குது.”

“பாக்கட்டும் மாமி. நானும் டியூட்டியால வந்தவன்தான்.”

படுத்தான். படுத்ததும் போய்விட்டான். றுஸ்தா மேசை மின்விசிறியைத் தூக்கிவந்து அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கேற்றடியில் கதிரை போட்டு அமர்ந்தாள்.

விருந்தாளிகள் புறப்படும்போது வழியெல்லாம் மருமகன்தான் கிடந்தான். முகம்மது தம்பி செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு, விரல் நுனியில் அவனைச் சுற்றிக் கேற்றுக்குப் போனார். பின்னால் வந்தவர்களும் அப்படியே. வழியனுப்ப வந்த கமீலாவுக்கு வாயில் எதுவோ வந்தது. சம்பந்தி திரும்பிப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு, தானும் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.