தண்ணீரைத் தேடி ஏறி வந்தவள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பம்ப் இரண்டு தடவை செருமிவிட்டுக் காற்றைத் துப்பியது. போஞ்சிப் பாத்திக்கு நடுவே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற விஜயகலா, குழாயைப் போட்டுவிட்டு ஓடைக்கு ஓடினாள்.

ஓடையில் பம்ப் வைத்திருந்த குட்டையில் தண்ணீர் இல்லை. பம்பின் உறிஞ்சு குழாய் சேற்றில் வாய் புதைந்து கிடந்தது. அதைச் சுற்றி விரல் நீள மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு ஏற்கெனவே அடங்கிவிட்டன. இயந்திரத்தை நிறுத்தியதும் மலை முழுவதும் அமைதியானது. அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கரையில் கிடந்த வாளியின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரில் போட்டாள். எதற்காகப் போடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பலாங்கொடையிலிருந்து பஸ் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கி ஏறுகிற தோட்டம் அது. அதில் பத்தாம் நம்பர் மலையில் தேயிலை செத்து, காடாக விட்டு வெகு காலம். கொழுந்து எடுக்கிற சம்பளம் மட்டும் போதாது என்று கீழ் வரிசை வீடுகளான பணிய லயத்து எட்டுக் குடும்பங்கள், அங்கே மரக்கறி போடத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்க் கேட்டபோது, "செய்யிறதுன்னா செய்யுங்க, ஆனா எழுத்துல ஒன்னும் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பீன்ஸை இங்கே போஞ்சி என்பார்கள்; அப்படிப் பிறந்ததுதான் இந்தப் போஞ்சித் தோட்டம். நான்கு வருஷமாக நன்றாக விளைந்தது. விஜயகலாவின் புருஷன் சுதாகரன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்து, போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு வந்தபோது இந்தப் பம்பைத் தோளில் சுமந்து கொண்டுவந்தான். அதிலிருந்து எட்டுக் குடும்பத்துப் பாத்திக்கும் அதே பம்ப்தான் தண்ணீர் இறைத்தது.

அவள் கடைசி மீனைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஓடைக்குக் கீழ்ப் பக்கமிருந்து கல் உருளும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். காய்ந்த ஓடை வழியாகவே ஒரு சிங்களப் பெண் கம்பு ஊன்றி ஏறி வந்துகொண்டிருந்தாள். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துணியைக் கட்டியிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

விஜயகலா வாளியை இழுத்துக்கொண்டு கரையேறினாள். கீழே உள்ள சிங்களக் கிராமத்தைத் தோட்டத்தில் 'நாடு' என்பார்கள். நாட்டிலிருந்து ஆட்கள் மேலே வந்தால், அது நல்லதுக்கு வந்ததாகத் தோட்டத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. சமாதானம் வருகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த 2002ஆம் வருஷம்தான் அது. ஆனாலும் பயம் ரேடியோ கேட்டு நடக்கிறதில்லை.

வந்தவள் பம்பைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, "நங்கி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்கா?" என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டாள்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலை விஜயகலா நீட்டினாள். அந்தப் பெண் பாதியைக் குடித்துவிட்டு மூடியைத் திருப்பி மூடினாள்.

"எங்கருந்து வர்றீங்க அக்கே?" விஜயகலாவும் சிங்களத்திலேயே கேட்டாள்.

"கீழ வயல்லருந்து. என் பேரு குசுமாவதி. விடிஞ்சதும் நடக்க ஆரம்பிச்சேன். கதிர் பால் பிடிக்கிற நேரம், வாய்க்கால்ல நாலு நாளா சொட்டுத் தண்ணி இல்ல. தண்ணி எங்க போச்சுன்னு பாக்கலாம்னு அது வந்த வழியிலேயே ஏறி வந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் விஜயகலாவுக்கு அதிகமாகச் சுட்டது. எதிரே பச்சையாகக் கொடி ஏறி நின்ற போஞ்சியை மறைக்க வழியில்லை. ஈரம் காயாத மண்ணையும் மறைக்க முடியாது.

"இங்கதான் வந்துச்சு" என்றாள் விஜயகலா.

குசுமாவதி தலையசைத்தாள். "ஆனா பம்ப் மட்டும் இவ்வளவு குடிக்காது நங்கி. போன வருஷமும் இதே வெயில்தானே? தண்ணி மெலிஞ்சுது, நிக்கல. மேல ஊத்து எப்படி இருக்கு?"

"வாங்க, பாக்கலாம்" என்றாள் விஜயகலா. வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியில் ஒரு பாறை இடுக்கில் இடுப்பளவு தண்ணீர் தேங்கியிருந்தது. "அதுல விடு, நிழல் இருக்கு" என்றாள் குசுமாவதி. மீன்களைக் கவிழ்த்துவிட்டு இரண்டு பேரும் மேலே ஏறினார்கள்.

ஊற்று இருந்த இடம் ஒரு காலத்தில் கால் வைக்க முடியாத சதுப்பு. நாணலும் காட்டுத் தாழையும் மண்டி, சுற்றி ஏழெட்டுப் பெரிய மருத மரங்கள் நின்றன. இப்போது வெட்டிய அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. சதுப்புக்கு நடுவே நெஞ்சளவு ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, நீரை வடிய விட்டு, இரண்டு பக்கமும் பாத்தி போட்டிருந்தது. பாத்தியில் போஞ்சி பூத்திருந்தது. வாய்க்காலின் அடியில் மண் வெடித்துக் கிடந்தது.

குசுமாவதி ஒரு அடிக்கட்டையைத் தடவிப் பார்த்தாள். "இதை வெட்டினது யாரு?"

எட்டுக் குடும்பத்தில் ஒருவரான செல்லையா அண்ணன்தான் வெட்டினார். பாத்தியும் அவருடையதுதான். அந்தப் பேரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மரங்களின் கிளைகளைக் கட்டாகக் கட்டி, ஒரு மாதத்துக்கு அடுப்பெரித்தது விஜயகலா. வாய்க்கால் வெட்டிய புதிதில், மழைக்காலத்தில், ஓடையில் தண்ணீர் திமுதிமுவென்று வந்தபோது எல்லாரோடும் சேர்ந்து அவளும்தான் சந்தோஷப்பட்டாள். தை மாதத்துக்கென்று மண் தேக்கி வைத்திருந்த தண்ணீர் அப்போதே ஓடிப்போகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நாங்கதான் வெட்டினோம் அக்கே."

குசுமாவதி அந்த அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "எங்க ஆளுங்க நாளைக்கு மேல வந்து குழாயெல்லாம் உடைக்கணும்னு பேசிக்கிட்டாங்க. பொறுங்க, நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். நான் போய் என்ன சொல்றது?"

"ஒரு நாள் குடுங்க. இன்னைக்கு அந்திக்கு எங்க ஆளுங்ககிட்ட பேசுறேன். பம்பை இப்பவே நிறுத்தியாச்சு. உங்க கதிர் முத்துற வரைக்கும் போடமாட்டேன்."

"உன் போஞ்சி?"

"பாப்போம்."

குசுமாவதி மறுபடியும் ஓடை வழியாகவே இறங்கிப் போனாள்.

அன்று மாலை பணிய லயத்து வாசலில் எட்டுக் குடும்பமும் கூடியது. விஜயகலா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பம்பை நிறுத்துவதற்கு முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார்கள். குட்டையில் தண்ணீரே இல்லாதபோது பம்பை வைத்து என்ன செய்வது? வாய்க்காலை அடைத்து, ஊற்றுப் பக்கத்துப் பாத்தியை விட்டுவிட வேண்டும் என்று அவள் சொன்னதும்தான் செல்லையா எழுந்தார்.

ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. அவர் பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவளுக்கு அடுத்த ஆவணியில் கல்யாணம்.

"ஏந்தங்கச்சி, நல்ல எடமெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டு, கடைசியா வந்த எனக்குன்னு விட்டது அந்தச் சேறுதானே? அதுல எறங்கி, அட்டைக்கடி பட்டு, ஒத்த ஆளா வாய்க்கா வெட்டினேன். இப்பப் பூ விட்டிருக்கு. இப்ப வந்து விட்டுடுங்கிறே."

"அண்ணே, அந்த எடத்துலதான் ஓடையே பொறக்குது."

"நாட்டாளுகளுக்குச் சொந்தமா வயல் இருக்கு. உறுதிப் பத்திரம் இருக்கு. நமக்கு என்ன இருக்கு? நிக்கிற லயமே நம்மளுது இல்ல. நம்ம வயித்துல அடிச்சு அவங்க நெல்லுக்குத் தண்ணி விடணுமா?"

 அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.  செல்லையாவின் பெண்சாதி ஜெயம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"அவங்களுக்காக மட்டும் இல்லண்ணே" என்றாள் விஜயகலா கடைசியில். "இன்னிக்குக் குட்டை காஞ்சுது. அடுத்த வருஷம் நாம குடிக்கப் பிடிக்கிற லயத்துப் பீலியும் காயும். அதுவும் அதே மலை ஊத்துதான்." பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "என் பாத்திய நீங்க எடுத்துக்குங்க" என்றாள்.

"எந்தப் பாத்தி?" என்றார் செல்லையா.

"குட்டை ஓரத்துப் பாத்தி. முழுசும். போட்டிருக்கிற போஞ்சியோட. நான் மேல, சதுப்புக்கு வெளிய இருக்கிற வரட்டு மேட்டைப் பாத்துக்கிறேன்."

பத்தாம் நம்பரிலேயே நல்ல மண் அதுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். செல்லையா அவளை உற்றுப் பார்த்தார். "நெசமாவா சொல்றே? சுதாகரன்கிட்டக் கேட்டியா?"

"கேக்கல. சொல்லிக்கிறேன்."

செல்லையா அப்படியே உள்ளே போய்விட்டார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று தெரியாமலே கூட்டம் கலைந்தது. விஜயகலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கொடுத்ததில் பெருமை ஒன்றும் தோன்றவில்லை, இழந்ததுதான் தெரிந்தது. நாலு வருஷமாகக் கல் பொறுக்கிப் பதப்படுத்திய மண். 

மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல், விடிந்ததும் அவள் ஊற்றுக்கு ஏறினாள். அவளுக்கு முன்பே அங்கே ஆள் இருந்தது. செல்லையா நெஞ்சளவு வாய்க்காலுக்குள் நின்று, பாறைக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜெயம்மா மேலிருந்து புல் மண்ணைக் கட்டியாக வெட்டித் தள்ளினாள்.

"பாத்துக்கிட்டு நிக்காம கல்லை எடுத்துக் குடு" என்றார் செல்லையா. "மூணு எடத்துல அடைக்கணும். ஒரு எடத்துல அடைச்சா மழைக்குப் பிச்சுக்கிட்டுப் போயிடும். வெட்டினவனுக்குத் தெரியாதா?"

பத்து மணி போல நாட்டிலிருந்து ஐந்து ஆண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். முன்னால் குசுமாவதி. வந்தவர்களில் ஒருவன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, அடைத்த கற்களைக் காலால் உதைத்துப் பார்த்தான். கல் அசையவில்லை. "இது நிக்குமா?" என்று கேட்டான். "நிக்கும். ஆனா ஊத்துல தண்ணி ஊற மழை வேணும்" என்று செல்லையா சிங்களத்தில் சொன்னார். அவன் மூன்றாவது அடைப்புக்கு மண் வெட்டித் தர ஆரம்பித்தான். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. வேலை முடிந்ததும் எல்லாரும் அவரவர் வழியில் போனார்கள்.

மூன்றாம் நாள் ஓடையில் நூல் போலத் தண்ணீர் ஓடியது. பம்ப் இறைக்காததால் அந்த நூலும் கீழே போய்ச் சேர்ந்தது. நாட்டில் மேல் வரப்பு வயல்கள் தப்பின. கடைசியில் இருந்த நான்கு வயல் பதராகிப்போனது. அதில் ஒன்று குசுமாவதியுடையது.

போஞ்சியிலும் பாதி போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற, மலையெல்லாம் அலைந்து மானாப்புல் அறுத்து, பாத்தியில் கனமாகப் பரப்பினார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் பீலியில் தண்ணீர் பிடித்து, செடிக்கு ஒரு சிரட்டை வீதம் வேரில் ஊற்றினார்கள். புல்லுக்கு அடியில் மண் இரண்டு நாள் ஈரமாகவே இருந்தது. பம்ப் வைத்துப் பாத்தி நிறைய விட்ட தண்ணீரில் முக்கால்வாசி வீணாகத்தான் போயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை லொறியோடு வந்த மர்சூக், மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பலாங்கொடையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர்; தோட்டத்தில் எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்பார்கள். "என்ன தங்கச்சி, லொறி பாதி காலியாத்தான் போகுது?"

"தண்ணி இல்ல நானா."

கதையைக் கேட்டுவிட்டு அவர் விஜயகலாவின் வரட்டு மேட்டைப் போய்ப் பார்த்தார். "இந்த வரட்டு மண்ணுல போஞ்சி வராது. வத்தாளைக் கிழங்கு போடுங்க. ஊண்டுறப்ப ஈரம் இருந்தாப் போதும். கொடி நான் கொண்டு வாறேன். கிழங்கு எவ்வளவு வந்தாலும் எடுப்பன்."

சித்திரை மழை பிடித்ததும், நாட்டிலிருந்து மூன்று பேர் வந்து முப்பது மருதங்கன்றுகளை ஊற்றடியில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். குசுமாவதி அனுப்பியது. இனிமேல் பம்ப் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் என்று எட்டுக் குடும்பமும் பேசி வைத்தது. தை, மாசியில் அதுவும் கிடையாது. எழுத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு தடவை ஒருவர் மீறினார். இரண்டு தடவையும் செல்லையாவே போய்ச் சத்தம் போட்டுப் பம்பை நிறுத்தினார்.

அடுத்த மாசியில், கோயில் திருவிழாவுக்கு சுதாகரன் வந்தான். பாத்தியைக் கொடுத்த செய்தி கடிதத்தில் போனதிலிருந்தே அவனுக்கு மனசு சரியில்லை. வந்த அன்றே கேட்டுவிட்டான்.

"தோள் வீங்கப் பம்பை சொமந்துகிட்டு வந்தேன். நீ நல்ல எடத்தத் தூக்கிக் குடுத்துட்டு, பம்பை மூலையில போட்டு வச்சிருக்கே. என்னதான் நெனச்சே?"

"வாங்க, காட்டுறேன்" என்று அவனை மலைக்குக் கூட்டிப் போனாள்.

வரட்டு மேட்டில் வத்தாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கொடி தரை தெரியாமல் படர்ந்திருந்தது. அதைப் பார்த்து அவன் 'ம்' என்றான். அவளை விட்டு முன்னால் நடந்து, நாணல் மறுபடி தலை தூக்கியிருந்த ஊற்றுப் பக்கம் போனான். "அங்க போகாதீங்க" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, அவனுடைய வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. இழுத்துப் பார்த்தான். கால் வந்தது, கொழும்பில் வாங்கிய புதுச் செருப்பு வரவில்லை.

கையை விட்டுத் துழாவினான். கிடைக்கவில்லை. சேறு வழியும் கையோடு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"மாசி மாசத்துல இவ்வளவு ஈரமா?" என்றான்.

"ஆமா."

அவன் மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். வெறுங்காலோடு சதுப்பைச் சுற்றி நடந்து, இடுப்புயரம் வளர்ந்திருந்த மருதங்கன்றுகளை எண்ணினான். அவள் கடிதத்தில் எழுதியிருந்த முப்பதில் இருபத்திரண்டு இருந்தது.

"எட்டுக் கன்னு செத்திருக்கு" என்றான். "திருவிழா முடியட்டும். போறதுக்கு முன்னால அந்த எட்டையும் நட்டுட்டுப் போறேன்."