கொஞ்சம் மார்க்கைக் குறைங்க, மிஸ்

கடைசிக் கட்டுரையையும் திருத்தி முடித்தபோது ஆசிரியைக்குச் சந்தோஷம்கூட வரவில்லை. கழுத்து வலித்தது. சிவப்புப் பேனா விரலில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, உள்ளங்கைகளால் கண்களை அழுத்திக்கொண்டார்.

மாலைக் கல்லூரியில் கட்டுரை வகுப்புக்கு மாதம் ஒரு தலைப்பு. பேப்பரில் அடிபடுகிற ஏதாவது ஒன்றைக் கொடுத்து, கருத்து எழுதச் சொல்ல வேண்டும். இந்த மாதத் தலைப்பை நகராட்சியே அனுப்பியிருந்தது: 'ஆளில்லாமல் ஓடும் கடைசி பஸ்ஸை நிறுத்தலாமா?' முதல் மார்க் வாங்கும் கட்டுரையை நகராட்சிக் கூட்டத்தில் படிப்பார்களாம். இளைஞர் குரலாம்.

சொந்தக் கருத்தை எழுதச் சொன்னால் மொத்த வகுப்பும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும் என்பது ஆசிரியையின் அனுபவம். அதனால் அவரே பிரித்துவிடுவார். இடப்பக்க பெஞ்சுகள் 'நிறுத்தலாம்', வலப்பக்க பெஞ்சுகள் 'கூடாது'. பிடிக்கிறதோ இல்லையோ, கிடைத்த பக்கத்துக்கு வாதாட வேண்டும்.

"மிஸ், வரலாமா?"

வாசலில் 'அரைமணி' நின்றுகொண்டிருந்தாள். பகலில் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுவிட்டு ஓடி வருவதால் தினமும் அரைமணி நேரம் தாமதம். பசங்க வைத்த பெயர் அது. இப்போது அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பியே பார்க்கிறாள்.

"வா வா. நீதான் இந்தத் தடவை முதல். பென்சில்ல போட்டு வெச்சிருக்கேன், பேனால எழுத வேண்டியதுதான் பாக்கி."

"நேத்தே பசங்க உங்க பட்டியலை எட்டிப் பார்த்துச் சொல்லிட்டாங்க மிஸ். அதான் வந்தேன். கொஞ்சம் மார்க்கைக் குறைங்க."

ஆசிரியை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மார்க் கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறார். மிரட்டியவர்களை, மாமாவைக் கூட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறார். இது புதுசு.

"உடம்புக்கு ஏதாவதா?"

"நான் அந்தக் கடைசி பஸ்லதான் மிஸ் வீட்டுக்குப் போறேன்."

"அப்புறம் எதுக்குடி நிறுத்தச் சொல்லி எழுதினே?"

"நீங்கதானே எழுதச் சொன்னீங்க. நான் வந்தப்ப இடப்பக்கம்தான் இடம் இருந்துச்சு."

ஆசிரியை நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "பஸ் நின்னா என்ன பண்ணுவே?"

"காலேஜ் நின்னுடும். நான் போய்க் குழந்தையை வாங்கிக்கிட்டாதான் அண்ணி ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்ப முடியும். முந்தின பஸ்ஸைப் பிடிக்கணும்னா, உங்க வகுப்புக்கு வந்து 'உள்ளேன் மிஸ்' சொல்லிட்டு அப்படியே திரும்பணும்."

"உனக்கு நீயே குழி தோண்டி வெச்சிருக்கே."

"நல்லாத் தோண்டிட்டேன் மிஸ். அதான் பிரச்சினை."

உண்மைதான். காலி சீட்டுகளைச் சுமந்து ஓடும் பஸ்ஸின் டீசலில், காலையில் படிக்கட்டில் தொங்குகிறவர்களுக்கு இன்னொரு பஸ் விடலாமே என்று கேட்டிருந்தாள். எந்த நகராட்சி உறுப்பினர் கேட்டாலும் பஸ்ஸை நிறுத்த அன்றைக்கே கையைத் தூக்கிவிடுவார்.

"சும்மா குறைக்க முடியாது. குறைக்கிற ஒவ்வொரு மார்க்குக்கும் ஓரத்துல காரணம் எழுதணும். துறைத்தலைவர் உத்தரவு. உட்காரு, தப்புத் தேடலாம்."

இருவரும் ஒரே தாளின் மேல் குனிந்தார்கள்.

"முதல் பாரா கொஞ்சம் இழுவை. ஒரு மார்க் எடுத்துடலாமா?"

"இழுவையா? இதுல ஒரு வார்த்தையை எடுத்தாலும் மொத்தமும் சரிஞ்சிடும் மிஸ்!"

"நீ குறைக்க வந்தியா, கூட்ட வந்தியா?"

"சாரி மிஸ். எடுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இழுவை இல்லை," என்றாள்.

"சரி, இது. கண்டக்டர் சொன்னார்னு எழுதியிருக்கே. ஆதாரம் பலவீனம்."

"பலவீனமா? தினமும் அவர் பக்கத்துல உட்கார்ந்து ஆளை எண்ணினேன் மிஸ். பஸ்ஸைக் காப்பாத்தத்தான் கேக்கறேன்னு நினைச்சு, பாவம், அத்தனையும் சொன்னார்."

"நீ எழுதினது அவருக்குத் தெரியுமா?"

"தினமும் அவர் மூஞ்சில முழிக்கணுமே மிஸ்."

போன் அடித்தது. மாமியார். "ஏம்மா, மார்க் போடறது என்ன மலையைப் புரட்டற வேலையா?" "இதோ முடிஞ்சிடுச்சு அத்தை," என்று வைத்தார். முடியவில்லை. ஒரு பிழைகூடக் கிடைக்கவில்லை.

கடைசிப் பாராவுக்கு முன்னால் பார்வை நின்றது. எதிர்த்தரப்புக்கு ஒரு பாரா கொடுத்து நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பது வகுப்பின் விதி. இவள் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'இதனால் சிலருக்குச் சிறு சிரமம் ஏற்படலாம்.' பக்கத்தில் ஆசிரியையின் கையெழுத்தில் முழு மார்க், பெரிய டிக்.

எப்போது போட்டார்? நேற்றுத் திருத்திய கட்டின் அடியில் கிடந்த தாள் இது. கண் எழுத்துமேல் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். மூளை அதற்கு முன்பே வீட்டுக்குப் போயிருக்கும்.

"யாரு இந்தச் சிலர்?"

"நான்தான் மிஸ். அப்புறம் அண்ணி. மார்க்கெட் கூட்டற அக்காங்க ரெண்டு பேர். ஒரு வாட்ச்மேன்."

"இவங்களைப் பத்தி ஏன் எழுதலை?"

"எழுதினேன் மிஸ். எழுத எழுத அது பெருசாயிட்டே போச்சு. நீங்க கொடுத்த பக்கம் தோத்துடும்போல இருந்துச்சு. அதான் கிழிச்சுட்டு, ஒரே வரியா ஆக்கிட்டேன்."

ஆசிரியை சிவப்புப் பேனாவை எடுத்தார். டிக்கின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினார்: 'எதிர்த்தரப்பு சொல்லப்படவில்லை.' அந்தப் பகுதிக்கு நாலு மார்க். நாலும் போனது.

"நாலா மிஸ்? ரெண்டு போதாதா?" அரைமணியின் விரல் தாளின் ஓரத்தைப் பிடித்திருந்தது. "முதல்னு வீட்டுல சொல்லிட்டேன். அண்ணி தெருவுக்கே சொல்லிட்டாங்க."

"திருப்பிப் போட்டுடவா?"

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். "வேணாம் மிஸ்."

நாலு போனதும் முதலிடத்துக்கு வந்தது, அடுத்த இடத்தில் இருந்த 'மைக்'கின் கட்டுரை. வகுப்பில் வாயை மூடாததால் பசங்க வைத்த பெயர். அவனும் இடப்பக்க பெஞ்சு.

"மிஸ்! அவனும் நிறுத்தத்தானே சொல்லியிருப்பான்?" அரைமணி எழுந்துவிட்டாள். "அப்ப நாலு மார்க் சும்மா போச்சா?"

"படிச்சுத்தான் பாரேன்."

படித்தாள். முன்னுரை, ஆதாரம், எதிர்த்தரப்பு, முடிவுரை என்று கட்டம் கட்டமாக எல்லாம் இருந்தது. பஸ் நின்றால் மக்கள் நடப்பார்கள், நடந்தால் நாடு நலம் பெறும் என்று முடித்திருந்தான். அரைமணி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள்.

"இதைக் கேட்டா, நிறுத்த நினைச்சவங்ககூட இன்னொரு பஸ் சேர்த்து விடுவாங்க மிஸ்."

"சொல்ல முடியாது. கூட்டத்துல யாரு காது கொடுத்துக் கேக்கறாங்களோ. கிளம்பு, நேரமாச்சு."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆசிரியை பட்டியலில் பேனாவால் எழுதி முடிக்கும்போது துறைத்தலைவர் வந்தார். மேலே இருந்த கட்டுரையை நின்றபடியே படித்தார். முகம் மெல்லச் சுருங்கியது.

"ஏம்மா, இதைவிட நல்லதா ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணு இருந்துச்சு சார். எதிர்த்தரப்பை எழுதலை. மார்க் போயிடுச்சு."

"அட, எழுதத் தெரிஞ்ச பொண்ணாயிருந்தா கூப்பிடுங்க. இங்கேயே உட்கார்ந்து அந்த ஒரு பாராவை எழுதிக் கொடுக்கட்டும்."

"முடியாது சார்," என்றார் ஆசிரியை, பேனாவை மூடியபடி. "பஸ்ஸுக்குப் போயிட்டா."