உள்ளே கொஞ்சம் துணி

இன்னொரு பக்கத்தையும் உள்ளே பிடித்துத் தைத்துவிட்டால் சட்டை அளவுக்கு வந்துவிடும். அவள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். பின்னால் பாயில் கணவன் கிடந்தான். காலையில் இருமி, ரத்தமாகக் கக்கி, மூச்சடங்கிப் போயிருந்தான்.

வெளியே வண்டி வந்து நின்றது. அவனுடைய அண்ணன் படியேறவில்லை. மூக்கில் கைக்குட்டையோடு தெருவிலேயே நின்று, நேரமாகிறது என்று சொல்லி அனுப்பினார். போர்த்தித்தானே கொண்டுபோகப் போகிறோம், சட்டை எப்படி இருந்தால் என்ன என்பது அவர் கட்சி. தையல்காரி புருஷன் தொளதொளவென்று போகக் கூடாது என்பது இவள் கட்சி. அதைத் தவிர எதுவும் தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை.

கிடங்கில் அவனுக்குக் காவல் வேலை. ஜன்னல் இல்லாத அறையில் இன்னொரு காவல்காரரோடு படுக்கை. அந்த ஆள் சதா இருமுவார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். பிறகு இவன் இருமினான். சாயங்காலமானால் காய்ச்சல், தூக்கத்தில் வியர்வை. காசநோய் என்று டாக்டர் சொல்வதற்குள், இளைத்துப்போன உடம்புக்கு இதே சட்டையை அவள் இரண்டு தடவை பிடித்திருந்தாள்.

மாத்திரை கேட்டது. சோறு இறங்கியது, கன்னம் வந்தது. ஒருநாள் பொத்தான் போட முடியாமல் சட்டை இழுத்தது. அவள் சிரித்துக்கொண்டே தையலைப் பிரித்துவிட்டாள்.

"நீயே பிரிச்சு விட்டுட்ட. இனி எதுக்கு மாத்திரை?" என்றான்.

பாதியில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் சொல்லாமல் இல்லை. அவன் கண்ணாடி முன்னால் நின்று சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சந்தோஷத்தில் அவளும் விட்டுவிட்டாள். திரும்பி வந்த நோய் அந்த மாத்திரைகளுக்கு மசியவில்லை. நுரையீரலில் ஓட்டை விழுந்திருப்பதைப் படத்தில் காட்டினார்கள்.

நாத்தனார் மட்டும் முகக்கவசத்தோடு உள்ளே வந்து ஜன்னலைத் திறந்தாள். இவள் நூலை அறுத்துச் சட்டையை உள்பக்கம் திருப்பினாள். இரண்டு பக்கமும் கையகலத்துக்குத் துணி மடிந்து நின்றது. நாத்தனார் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

"இதை வெட்டிடும்மா. புடைச்சுக்கிட்டுத் தெரியும்."

"வேணாங்க்கா. வெட்டிட்டா அப்புறம் பிரிச்சு விட முடியாது."

நாத்தனார் கத்தரிக்கோலை மிஷின்மேல் திரும்ப வைத்தாள். இருவருமாக அவனைத் தூக்கிப் பிடித்துச் சட்டையை மாட்டினார்கள். அளவு சரியாக இருந்தது.