கடைசிப் பிடி அரப்பு

கடப்பாரை ஆட்கள் வந்து சேர்வதற்கு முன்பே மயிலம்மாள் மேட்டுக்காட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். பதினாறு வயதுப் பெண். எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொல்கிறார்கள் என்பதற்காகவே ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்படிக்குள் ஒதுங்கிக்கொள்வாள். அப்படிப்பட்டவள், நாலு ஆட்கள் வரப்பேறி வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. மடியில் துணியை விரித்து உசிலந்தழையை உருவிக்கொண்டிருந்தாள்.

வையம்பட்டிக்குத் தெற்கே கரட்டுச் சரிவில் அவள் அப்பா பெரியண்ணனுக்கு இருந்த நாலு ஏக்கர் அது. அவள் பிறந்தபோது ஆள் நுழைய முடியாத காடாக இருந்ததாம். முதலில் வைரம் பாய்ந்த மரங்கள் ரயிலேறிப் போயின. பிறகு வளைந்தது, நெளிந்தது எல்லாம் விறகாகப் போயிற்று. மிஞ்சியவை மண்ணுக்குள் இருந்த உசிலங்கட்டைகள்தான். வெட்ட வெட்ட அவை இடுப்புயரம் துளிர்த்துக்கொண்டே இருந்தன. இப்போது அந்தக் கட்டைகளையும் வேரோடு தோண்டி எடுத்துக்கொள்ளும்படி, திருச்சி மன்னார்புரத்தில் விறகுக்கடை வைத்திருக்கும் கலீல் ராவுத்தரிடம் பெரியண்ணன் சொல்லியிருந்தார். கட்டை போனால் நிலக்கடலை போடலாம். ஊரே கடலைக்கு மாறிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் காட்டு வீரமலையும் அப்படித்தான் கட்டையைத் தோண்டிவிட்டுக் கடலை போட்டார். இரண்டு வருஷம் நன்றாகக் காய்த்தது. மூன்றாம் வருஷ மழை, பிடித்துவைக்க வேரில்லாத மண்ணை வழித்துக்கொண்டுபோய்க் குளத்தில் கொட்டியது. இப்போது அங்கே சரளைக்கல்தான் கிடக்கிறது. அந்தச் சரளை வழியாகத்தான் மயிலம்மாள் தினமும் ஆடு ஓட்டிப் போனாள்.

"எந்திரி புள்ள, ஆளுங்க வந்துட்டாங்க," என்றார் பெரியண்ணன்.

அவள் தலை நிமிரவில்லை. "வெள்ளாமை நிக்குதுப்பா. வெள்ளாமை நிக்கிற காட்டுல கடப்பாரை வைக்கலாமா?"

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறுக்காமல் பயிர் நிற்கும் காட்டில் தோண்டுகிறவன் இறங்கமாட்டான். அந்தப் பக்கத்தில் யாரும் மீறாத வழக்கம் அது.

"ஏண்ணே, ஒங்க பொண்ணு பேசுமா? நான் ஊமைன்னுல்ல நெனச்சேன்," என்றான் செல்லக்கண்ணு, கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கியபடி.

"எது வெள்ளாமை? இந்தத் தழையா?" என்று பெரியண்ணன் அதட்டினார்.

"அரப்புப்பா. இடிச்சுத் தலைக்குத் தேய்க்கிறதில்ல?"

குடை பிடித்து நின்ற ராவுத்தர் சிரித்தார். "சரிம்மா, எப்பப் பறிச்சு முடிப்பே?"

"பறிச்சா அடுத்த மழைக்குத் துளிர்க்குங்க. திரும்பப் பறிக்கணும்."

"அப்ப முடியவே முடியாதுங்கிறே."

"முடியாதுங்க."

ராவுத்தரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "எங்க வாப்பா காலத்துல கடைக்குக் கூப்பிடு தூரத்துல விறகு கெடைச்சுது. நான் தலையெடுத்தப்ப மணப்பாறைக்கு வண்டி கட்டுனேன். இப்ப இங்க வந்து கட்டையத் தோண்டுறேன். அடுத்தது மருங்காபுரி. அதுக்கப்புறம் எங்கன்னு எனக்கே தெரியல. எட்டு நாள் கழிச்சு, திங்கக்கிழமை சாயங்காலம் வரேன். பேசி வைங்க."

நாலு பேர் எதிரில் மகள் மறித்தது பெரியண்ணனுக்குச் சுருக்கென்றிருந்தது. "வெள்ளாமைன்னா விக்கணும்ல? இடிச்சுச் சலிச்சு, ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய் நீயே வித்துட்டு வா. தனியா. ஒரு பிடி மிஞ்சித் திரும்பி வந்தாலும் கட்டையத் தோண்டிருவேன்." தெருவில் கூவுவது அவளால் ஆகாது என்று அவருக்குத் தெரியும்.

தழையை நிழலில் உலர்த்தினாள். உரலில் இடித்து மூன்று தடவை சலித்தாள். திங்கட்கிழமை விடியற்காலை முதல் ரயிலில் ஸ்ரீரங்கம் போனாள்.

உத்தர வீதியை இரண்டு தடவை சுற்றினாள். வாய் திறக்கவில்லை. தூக்கி வந்த கூடையின் கனம் அப்படியே இருந்தது. மூன்றாவது சுற்றில் செருப்பில்லாத காலில் ஒரு சரளைக்கல் குத்தியது. வீரமலை காடு கண்முன் வந்தது.

"அரப்பேய்ய்!"

குரல் பாதியில் உடைந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"ஏண்டி இப்படிக் கத்தறே? தெருவுக்கே தூக்கிவாரிப் போடறது," என்று ஒரு மாமி கதவைத் திறந்தாள். "மணல் கிணல் கலந்திருக்கியோ?" ஒரு சிட்டிகை வாங்கி உள்ளங்கையில் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். நுரை பொங்கியது. "அடி கோமளம், இங்க வா! நாளைக்கு எண்ணெய் தேச்சுக்க அரப்பு வந்திருக்கு!"

அதற்குப்பிறகு கூவுவது அத்தனை கஷ்டமாக இல்லை. மத்தியானத்துக்குள் கூடையின் அடி தெரிந்தது. ஒரே ஒரு பிடி மட்டும் மிஞ்சியது. அதை யாரும் வாங்கவில்லை. "இத்தனூண்டை வச்சுண்டு என்ன பண்றது?" என்று கதவைச் சாத்தினார்கள். கொட்டிவிடவும் மனசு வரவில்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் கூடையோடு உட்கார்ந்து யோசித்தாள். காவிரி நிறைந்து போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் மேட்டுக்காட்டில் ராவுத்தரும் ஆட்களும் காத்திருந்தார்கள். மயிலம்மாள் கூடையை அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். தூசிகூட விழவில்லை.

"பூரா வித்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லப்பா. ஒரு பிடி போகல."

செல்லக்கண்ணு கடப்பாரையை எடுத்தான்.

"அது எங்க?"

"அம்மா மண்டபத்துல தலைக்குத் தேச்சுக் குளிச்சுட்டேன். மிஞ்சித் திரும்பி வரக்கூடாதுன்னுதானப்பா சொன்னீங்க?"

ராவுத்தர் குடையை மடக்கிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "பெரியண்ணே, பேச்சு பேச்சுதான்!"

அவள் அவர் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. "நாலு வருஷத்துக்கு ஒருக்கா கொம்பு வெட்டிக்கங்க. கட்டைய மட்டும் விட்டுருங்க. மருங்காபுரிக்கு அந்தாண்ட போக வேணாம்."

"கொம்புக்கு மொத ஆளு நான்தான்," என்றார் ராவுத்தர்.

பெரியண்ணன் கூடையைக் கீழே வைத்தார். வீரமலை காட்டையும் தன் காட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆட்களிடம், "வந்தது வந்தீங்க. கீழ வரப்போரம், கட்டை இல்லாத எடத்துல கல்லு கெடக்கு. அதத் தோண்டிப் போடுங்க. கடலைய அங்க போட்டுக்கறேன்," என்றார்.

ஆட்கள் இறங்கினார்கள். ஒரு கடப்பாரை சும்மா கிடந்தது. மயிலம்மாள் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.