பாகம் பிரிக்காத துறைமுகம்

முப்பது வருஷத்து அண்ணன் தம்பி உறவுக்கு மாமா உட்கார்ந்து பேசி முடித்த விலை: தம்பிக்கு ஒரு ஃபிரிட்ஜ், மூன்று பேர் உட்காரும் சோபா, கடையில் வாஷ்பேசினும் ஷவரும் அடுக்கியிருந்த பாதி. பைப்பும் வால்வும் இருந்த பாதியும் வாஷிங் மெஷினும் அண்ணனுக்கு. கடைக்கு நடுவே பிளைவுட் அடித்தார்கள். அண்ணன் தும்மினால் தம்பி பக்கம் கேட்கும்.

காரணம் ஒரு கட்டட கான்ட்ராக்டர். அவனுக்கு அண்ணன் கடனில் சரக்குக் கொடுத்தான், தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கான்ட்ராக்டர் கம்பி நீட்டிவிட்டான்.

மாமாவுக்குத் தெரியாத சொத்து ஒன்று இருந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் வீடியோ கேம் பைத்தியம். அதிலும் இரண்டு கட்சி. தம்பி டிஸ்க் கட்சி. அலுத்துப்போனால் விற்கலாம், மாற்றலாம், கம்பெனிக்காரன் கடையை மூடினாலும் அலமாரியில் இருப்பதை எவன் வந்து எடுப்பான் என்பான். அண்ணன் டவுன்லோடு கட்சி. தள்ளுபடியில் பாதி விலைக்கு வாங்கிப் போட்டால் தூசியில்லை, கீறலில்லை என்பான். நீ வாங்கினியா, வாடகைக்கு எடுத்தியா என்று தம்பி சீண்டுவான். போகும்போது உன் டிஸ்க்கை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போவியோ என்று அண்ணன் திருப்பிக் கொடுப்பான்.

பாகப்பிரிவினையன்று டிஸ்க்குகள் எல்லாம் பேச்சில்லாமல் தம்பிக்குப் போயின. ஆனால் துறைமுகம் கட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. இருவரும் சேர்ந்து வருஷக்கணக்காகக் கட்டியது. அது அண்ணனின் கணக்கில், டவுன்லோடில் இருந்தது. அதை எப்படி இரண்டாக வெட்டுவது? அதனால் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தம்பியின் புது வீட்டுக் கன்சோலிலும் அதே கணக்கு திறந்தபடியே இருந்தது. அண்ணன் பாஸ்வேர்டை மாற்றவில்லை. தம்பியும் வெளியேறவில்லை.

ஒரே ஒரு சிக்கல். ஒருவன் ஆட்டத்தைத் திறந்தால் மற்றவன் வெளியே தள்ளப்படுவான். கணக்கு வேறு இடத்தில் பயன்பாட்டில் இருக்கிறது என்று திரை சொல்லும். பேச்சு நின்றுபோன இரண்டு மாதமாக அவர்களுக்குள் நடந்த போக்குவரத்து அது ஒன்றுதான். முதலில் வேண்டுமென்றே தள்ளிக்கொண்டார்கள். பிறகு அண்ணன் கடை மூடி வந்ததும் ஆடுவான், சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தம்பி என்று தானாகவே ஒரு முறை வந்தது. தம்பி உள்ளே போனால் துறைமுகத்தில் வரி ஏறியிருக்கும். அவன் குறைத்துவிட்டு வருவான். மறுநாள் மறுபடி ஏறியிருக்கும்.

தம்பி மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "அவங்க வீட்டு வாசல்ல நின்னு எப்ப வெளிய வருவாங்கன்னு பார்க்கிற மாதிரி இருக்கு. நமக்குன்னு ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்றாள். நியாயமான பேச்சுத்தான்.

பழைய கேம் விற்கும் கடை ஊரில் ஒன்றுதான். தம்பி அதே துறைமுக ஆட்டத்தின் டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, இல்லாத கீறலைக் கண்டுபிடித்து, பேரத்தை அடிமட்டத்தில் ஆரம்பித்தான். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"உங்க அண்ணனும் போன வாரம் இப்படித்தான் கீறலைக் காட்டினாரு. தம்பிக்கு இதைக் கொடுத்துட்டா தொல்லை விட்டுதுன்னாரு. அரை மணி நேரம் பேசி விலை படிஞ்சுது. எடுத்த பணத்தை அப்படியே பாக்கெட்ல வச்சுக்கிட்டு, வேண்டாம்னு போயிட்டாரு."

தம்பி டிஸ்க்கைக் கீழே வைத்தான். விலை படிந்த பிறகு பின்வாங்கியவர் அவர்கள் குடும்பத்தில் கிடையாது. அப்பா ஒருமுறை விளையாட்டாகக் கேட்ட விலைக்கு எதிராளி சரியென்று சொல்லிவிட, ஓடாத ஜெனரேட்டரை வீட்டுக்கு இழுத்துவந்தார். அண்ணன் அதைவிடக் கெட்டி. அப்படிப்பட்டவன் சொன்ன சொல்லை விழுங்கியிருக்கிறான் என்றால், தம்பி அந்தக் கணக்கையும் விட்டுப் போய்விடுவானோ என்ற பயம் அவனுக்கு வியாபார மானத்தைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

அண்ணனுக்குப் படிந்த விலை என்ன என்று மட்டும் கேட்டான். இன்னும் குறைத்திருக்கலாம்தான். குடும்பத்தின் வாக்கு கடையில் தொங்கக்கூடாது என்று அதே விலையை எண்ணி வைத்தான். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கடைக்காரர் விசாரித்தார்.

வீட்டில் டிஸ்க்கைப் போட்டான். புதிய ஆட்டம் தொடங்கவா என்று திரை கேட்டது. தொடங்கினான். வெறும் கடற்கரை. ஒரு மரப்பலகை, ஒரு படகு. "இனிமே உங்களை யாரும் தள்ள மாட்டாங்க" என்றாள் மனைவி, ஆறுதலாகத்தான். உண்மைதான், யாரும் தள்ளமாட்டார்கள்.

டிஸ்க்கை வெளியே எடுத்தான். அண்ணன் நிச்சயம் உள்ளே இருக்கும் நேரம். தெரிந்தேதான் கணக்கைத் திறந்தான்.

சற்றைக்கெல்லாம் ஃபோன் அடித்தது.

"டேய், சேவ் பண்ணலடா."

இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. சந்தோஷத்தைக் காட்டிக்கொண்டால் பேரத்தில் தோற்றமாதிரி.

"எவ்வளவு போச்சு?"

"பாதி கலங்கரை விளக்கம்."

"மேற்கால கட்டியிருப்ப. அங்க கப்பல் திரும்பாது. என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?"

"கேட்டிருக்கணும்" என்றான் அண்ணன். "அந்தக் கான்ட்ராக்டர் விஷயத்துலயும்தான்."

"அதை விடு. எந்தெந்தக் கிழமை யாருக்குன்னு முதல்ல பேசு."

பேசினார்கள். சோறு ஆறிப்போகும் வரை, இரு வீட்டுப் பெண்களும் தலையில் அடித்துக்கொள்ளும் வரை பேசினார்கள். கடைசியில் படிந்தது இது: திங்கள், புதன், வெள்ளி அண்ணனுக்கு. செவ்வாய், வியாழன், சனி தம்பிக்கு. கலங்கரை விளக்கம் கிழக்கு முனையில். வரி இரண்டு பேர் சொன்னதற்கும் நடுவில். ஞாயிறு மட்டும் படியவில்லை, அதை நேரில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டான், தம்பியும் சரி என்றான். ஆக, ஞாயிறு பாக்கி.