மிச்ச எண்ணெய்

லேத் பட்டறையில் அவருக்கு ‘அளவுக்காரர்’ என்று பட்டப்பெயர். பதினெட்டு வருடமாக இரும்பு கடைகிறார். அவர் கையிலிருந்து போன சாமான் பொருந்தவில்லை என்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை.

அவருக்கு ஒரே தங்கை. முப்பத்திரண்டு வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான். அவள் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குறித்து வரும் வேலையில் இருந்தார். நாள் முழுக்க வண்டியில்தான். அதுவும் கல்யாணத்துக்கு முன்பே இரண்டாம் கையாக வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள்.

“பிரேக்கைத் தொட்டா போதும் மச்சான், முன்பக்கம் அப்படியே குனிஞ்சு கும்பிடு போடுது. பார்க்கிறவனுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கிட்டே போறேன். தேர்தல்ல நின்னா ஜெயிச்சிருவேன் போல” என்றார் ஒருநாள்.

“மெக்கானிக் என்ன சொல்றாரு?”

“ஃபோர்க் ஸ்பிரிங் தளர்ந்துபோச்சாம். எண்ணெய், சீல் எல்லாம் மாத்தணும், நாலு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்கறாரு. நாலு நாள் நடந்தே மீட்டர் பார்த்தா என் ஸ்பிரிங் தளர்ந்துடும்.”

“இதுக்குப் போய் மெக்கானிக்கா? ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்.”

சொன்னபடியே காலையில் போனார். வாசலில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரம் தரையில் படாதபடி கட்டையை முட்டுக்கொடுத்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களின் மேல்மூடியையும் கழற்றி ஸ்பிரிங்குகளை உருவினார். இருக்கவேண்டிய நீளத்துக்கு இரண்டுமே அரை விரற்கடை குறைவு. இப்படித்தான் இருக்கும் என்று கணித்து, அதை ஈடுகட்டப் பட்டறையிலேயே குழாய்த்துண்டு இரண்டைக் கடைந்து எடுத்துவந்திருந்தார். பழைய எண்ணெய் கறுத்து, தண்ணீர் மாதிரி ஓடியது. அதை வடித்துவிட்டு, புதிதாகக் கெட்டி எண்ணெயை அளந்து இரண்டு பக்கமும் ஊற்றினார்.

டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

எண்ணெய்க்கு மேலே காற்றுக்கு இடம் விடவேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த இடம் குறைந்தால், ஃபோர்க் அமுங்கும்போது எண்ணெய் போக வழியில்லாமல், அது கசியாமல் அடைத்துவைக்கும் ரப்பர் சீலைத்தான் முட்டும். ஆனாலும், கொஞ்சம் கூடப் போனால் இன்னும் கெட்டியாக நிற்கும் என்று நினைத்தார். மிச்சத்தை இரண்டாகப் பங்கிட்டு ஊற்றிவிட்டார். சீல் ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. புதுசு வாங்க வேண்டுமென்றால் இன்னொரு ஞாயிறு ஆகும். நல்லாத்தானே இருக்கு என்று விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். “கல்லு மாதிரி நிக்குது மச்சான்! கும்பிடு போச்சு, எனக்கு இனிமே ஓட்டு விழாது” என்றார். பாப்பா இருவருக்கும் டீ கொண்டுவந்தாள்.

பதினேழாம் நாள் மத்தியானம் போன் வந்தது. மரக்கடையிலிருந்து ரிவர்ஸில் வெளியே வந்த லாரி ஒன்று சரிவில் குறுக்கே நிற்க, மாப்பிள்ளை நேராகப் போய் அதில் மோதியிருந்தார். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் அளவுக்காரர், வண்டியில் மாட்டியிருந்த பையை வாங்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நொறுங்கிய வண்டிகளுக்கு நடுவே மாப்பிள்ளையின் வண்டி சாய்ந்து கிடந்தது. வலது ஃபோர்க்கின் சீல் பிதுங்கியிருந்தது. அங்கிருந்து வழிந்த எண்ணெய் மண்ணோடு சேர்ந்து கீழேவரை அப்பியிருந்தது. பிரேக் பிடிக்கும் டிஸ்க் தகடும் எண்ணெயில் பளபளத்தது. தொட்டுப் பார்த்தார். முகர வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் முகர்ந்தார்.

பிறகு கைக்குட்டையை எடுத்து டிஸ்க்கைத் துடைத்தார். திருப்பி அந்தப் பக்கமும் துடைத்தார். ஃபோர்க்கையும் துடைத்தார். கை தானாகப் போயிற்று என்று வெளியே வந்தபின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கை தானாகப் போகவில்லை.

லாரி டிரைவர், “பிரேக்கே போடாம வந்து விழுந்தாருங்க” என்று போலீஸில் எழுதிக்கொடுத்தான். ஆபீஸிலிருந்து, கவனக்குறைவாக வண்டி ஓட்டியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பாப்பா புருஷனின் காலில் கட்டு மாற்றியபடியே, “யாரு உங்களைப் பறக்கச் சொன்னா?” என்று தினமும் ஒருமுறையாவது கேட்டாள். அவர் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை. அவருடைய கேலியெல்லாம் ஆஸ்பத்திரியோடு நின்றுபோயிருந்தது.

“பிரேக் பிடிச்சேன்னுதான் நினைக்கிறேன் மச்சான். பிடிக்கலையோ என்னவோ” என்பார். அளவுக்காரர் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு மாலை அவர் போனபோது, மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

“டாக்டர்கிட்ட விரலைக் காட்டணும்னு சொல்றாரு” என்றாள் பாப்பா. “கால் போனவருக்கு விரல்ல என்ன வந்துச்சு?”

“இல்ல, மூளை சொன்னதை விரல் கேட்கலைன்னு தோணுது. அன்னைக்கும் அப்படித்தான் ஆகியிருக்கணும். இல்லேன்னா வண்டி நிக்காம எப்படிப் போகும்?”

அளவுக்காரர் கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “மாப்பிள்ளை, உங்க விரல்ல ஒண்ணுமில்ல.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். டப்பாவில் இருந்த மிச்சம், மாற்றாத சீல், டிஸ்க்கில் வழிந்த எண்ணெய், கைக்குட்டை.

“அப்போ நான் பிரேக் பிடிச்சேனா?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“பிடிச்சீங்க.”

“நல்லாப் பிடிச்சேனா?”

“நல்லாத்தான் பிடிச்சிருப்பீங்க மாப்பிள்ளை. எண்ணெய்ல அது பிடிக்கல.”

மாப்பிள்ளை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். விபத்து நடந்ததிலிருந்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

பாப்பா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எண்ணெய் ஊத்தினது தப்பா போச்சு, சரி. துடைச்சியே, அது?”

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

“இவரை நான் என்னென்ன பேசினேன். நீ இங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தே.” அவள் குரல் உயரவில்லை. “எழுந்து போண்ணா.”

மறுநாள் அவர் ஸ்டேஷனுக்குப் போனார். “முடிஞ்ச கேஸு. இப்ப வந்து ஏன்யா கிளறுறே?” என்றார் எழுத்தர். எழுதி வாங்கிக்கொள்ளும்வரை நகரமாட்டேன் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, உடையாமல் இருந்த இடது ஃபோர்க்கைத் திறந்து அளந்தார்கள். எண்ணெய் அளவு கூடுதலாகவே இருந்தது. தடயத்தை அழித்ததாக அவர்மேல் வழக்குப் பதிவாயிற்று. வழக்கு முடியட்டும், அதுவரை வரவேண்டாம் என்று பட்டறை முதலாளி சொல்லிவிட்டார்.

ஆபீஸ் தன் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாப்பிள்ளைக்குப் புகார் வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

அளவுக்காரர் ஏழு மாதமாகத் தங்கைக்குப் போன் செய்துகொண்டிருந்தார். அவள் எடுக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் மாப்பிள்ளையே கூப்பிட்டார்.

“சாப்பிட்டீங்களா மச்சான்?”

“ஆச்சு. நீங்க?”

“ஆச்சு.” மாப்பிள்ளையின் ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போடுவது கேட்டது. “அவ இன்னும் உங்க பேரை எடுத்தாலே எழுந்து போயிடுறா. மனசு மாறுவான்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“சரி மாப்பிள்ளை.”

“எனக்கும் சில நாள் உங்க மேல வெறுப்பா வருது. சில நாள் வரல. இன்னைக்கு வரல, அதான் கூப்பிட்டேன்.”

அவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள், “ஆளுங்க நிக்கிறாங்க, வச்சிடறேன்” என்று மாப்பிள்ளை போனை வைத்துவிட்டார்.