சும்மா என்றொரு ஃபோல்டர்

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தை மூடுகிற அன்று மத்தியானம், பெட்டி கட்டிக்கொண்டிருந்த என் முன்னால் சாந்தமேரி அக்கா வந்து நின்றார். வாலண்டைன் அண்ணனின் மனைவி. அண்ணன் எங்கள் லோரி கம்பெனியில் வண்டி அனுப்பும் மேசையில் முப்பது வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே தொண்டையில் புற்றுநோய். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. இப்போது எதையும் எழுதித்தான் காட்டுவார்.

"தம்பி சிவநேசன், அவரு குரல் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு போன வாரம் எழுதிக் காட்டினாரு. வீட்டுல ஒண்ணுகூட இல்ல தம்பி. கல்யாண வீடியோலகூட வெறும் பேண்ட் சத்தந்தான். எப்படியாவது எடுத்துக் குடுங்க."



அந்தக் குரலை எப்படி மறப்பது? "பக்கிரிசாமி, போர்ட் கேட்டுல நின்னு தூங்காத லா! எழுப்ப ஆள் அனுப்ப மாட்டேன்!" என்று காலை எட்டு மணிக்கு ஃபோனில் டிரைவரை விரட்ட ஆரம்பித்தால் எதிர்க் கடைவரை கேட்கும். பின்பக்கம் ரயில் போகும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வார். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர், ரயிலுக்கு மட்டும் மரியாதை. அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த மேசை அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை; புது ஹெட்செட் வந்தால் சோதிக்க அவரிடம்தான் கொடுப்பேன். கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு வீட்டுக்கு ஒரு கால் போடுவார். பிறகு அதைப் போட்டுக் கேட்டு, "ஓகே லா" என்பார். நான்கூட, "ஹெட்செட்ட டெஸ்ட் பண்றீங்களா, அக்காவ டெஸ்ட் பண்றீங்களா?" என்று கிண்டல் செய்வேன்.

ஆனால் அந்தப் பதிவுகள் எங்கே இருக்கும்? எங்கள் அலுவலகத்தில் யார் மேசையிலும் முழுக் கணினி கிடையாது. திரையும் கீபோர்டும்தான். எல்லாருடைய டெஸ்க்டாப்பும் பின்னறை சர்வரில் இருந்தது. அதன் நகல் கிள்ளான் கிளையில். இங்கே வெள்ளமோ தீயோ வந்தால் அங்கிருந்து வேலை தொடரலாம். தினமும் சாயங்காலம் இங்கே இருப்பது அங்கே போகும். இங்கே அழித்தது அங்கேயும் அழியும். நகல் அவ்வளவு விசுவாசமானது.

அண்ணன் ஓய்வு பெற்றதும் அவர் கணக்கை அழித்தது நான்தான்.

"அக்கா, இங்க அழிச்சா அங்கயும் போயிரும். மன்னிச்சிருங்க," என்றேன்.

அவர் விடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அண்ணனின் கோணல் எழுத்து. "ஃபோல்டர் பேரு 'சும்மா'. சிவாகிட்ட கேளு."

போச்சு. இப்போது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

கிள்ளானுக்குப் போகும் இணைப்பு ஒரு காலத்தில் நத்தை வேகம். சாயங்காலம் ஆரம்பித்த நகல் விடிந்தும் முடியாது. எது இப்படி அடைக்கிறது என்று தேடினால், நாற்பது பேரில் முப்பது பேரிடம் 'சும்மா' என்று ஒரு ஃபோல்டர்! கல்யாணப் படங்கள், பத்துமலைக் காவடி வீடியோ, பழைய பாட்டு. நம் ஆட்களுக்கு வேலை சம்பந்தமில்லாத எல்லாமே சும்மாதான். கடுப்பில் சர்வருக்கு ஒரு விதி எழுதினேன்: 'சும்மா' என்ற பெயரில் எது இருந்தாலும் தொடாதே. அன்றிலிருந்து அண்ணனின் ஃபோல்டர் கிள்ளானுக்குப் போகவே இல்லை.

ஒரு பெட்டியின் வாயை டேப்பால் ஒட்டிக்கொண்டே இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தொடாதே. அந்தச் சொல்லில் கை நின்றது. தொடாதே என்றால் நகலெடுக்காதே என்று மட்டுமா? அழிக்கவும் செய்யாதே! விதி எழுதுவதற்கு முந்தைய இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காகக் கிள்ளானுக்குப் போனதே. அண்ணனின் கணக்கை இங்கே அழித்தபோது, அங்கே மற்றதெல்லாம் அழிந்திருக்கும். அந்த ஃபோல்டரை மட்டும் சர்வர் தொட்டிருக்காது.

இங்கிருந்தே பார்த்துவிடலாம். ஆனால் இணைப்பைக் காலையில் நானே பிடுங்கிப் பெட்டியில் போட்டிருந்தேன்.

"வாங்க அக்கா, கிள்ளான் போவோம்," என்றேன். "இருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

கொமுட்டர் ரயிலில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார்.  சுபாங் ஸ்டேஷன் தாண்டும்போது, "தினமும் மத்தியானம் கூப்பிடுவாரு தம்பி. எனக்கு எரிச்சலா வரும்," என்றார்.  என் மனம் அந்தப் பழைய மேசையிலேயே இருந்தது.

கிள்ளான் சர்வர் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. அண்ணனின் பெயரில் தேடினேன். உள்ளே எல்லாம் காலி. ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் நின்றது. சும்மா. பதினோரு பதிவுகள். சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாவதைப் போட்டேன்.

"ஹலோ, சாந்தா?" அதே குரல். அறையே நிறைந்தது. அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல லா. சும்மாதான் கூப்பிட்டேன்."

"அடுப்புல சோறு இருக்கு. வைங்க!" டக்.

அடுத்தது. "சாந்தா? சும்மாதான்." "துணி காயப் போடறேங்க." டக். அடுத்ததில் வாசலில் மீன்காரர். டக்.

பதினொன்றையும் கேட்டோம். அக்கா சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார்.

"எல்லாத்துலயும் நான்தான் தம்பி வெச்சிட்டேன். அவரு ஒருவாட்டிகூட வெக்கல."

எல்லாவற்றையும் அவருடைய கைப்பேசிக்கு மாற்றிக் கொடுத்தேன். வெளியே வந்ததும் அக்கா வீட்டு எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. அண்ணன் எடுத்தார். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"ஏங்க, நான்தான்," என்றார் அக்கா. "ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

மறுமுனையில் விரலால் ரிசீவரைத் தட்டும் சத்தம் கேட்டது. ஸ்டேஷன் வரை நடந்தோம். அக்கா ஃபோனை வைக்கவே இல்லை.